படத்தில் நிற்பவர் ரீத்தா

“என் பொண்டாட்டி விதவைன்னா அப்ப நான் யாரு? பேயா?”

சூலியா தெருவிலிருந்து உள்ளே போகும் சின்னச் சந்தின் முனையில், காலை ஒன்பதரை மணிக்கு, ஒரு பலகையைப் பார்த்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார் பெர்னார்ட். வயது எழுபத்தொன்று. பள்ளிக்கூட ஆபிஸில் முப்பத்து நாலு வருடம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கே தப்பாக எழுதியிருந்தாலும் அதைத் திருத்தாமல் அவரால் வீட்டுக்குப் போக முடியாது. கல்யாணப் பத்திரிகையில் பிழை இருந்தால், சாப்பிட்டுக் கை கழுவின ஈரத்தோடு பெண்ணின் அப்பாவிடம் போய்ச் சொல்லிவிட்டு வருகிற மனிதர்.

பினாங்குத் தீவில், பழைய ஜார்ஜ்டவுனின் கதைகளைச் சொல்வதற்காக ஒரு சங்கம் தெருவுக்குத் தெரு வைத்துக்கொண்டு வருகிற வரலாற்றுப் பலகைகளில் அதுவும் ஒன்று. மேலே ஒரு கறுப்பு வெள்ளைப் படம், கீழே நாலு மொழியில் விளக்கம். படத்தில் ஓர் இளம்பெண் கடைத் தூணோரம் நிற்கிறாள். வெள்ளைப் புடவை கட்டியிருக்கிறாள். முந்தானை தலையை மூடியிருக்கிறது. முகத்தில் பாதிதான் தெரிகிறது, அந்தப் பாதியும் மங்கல். கையில் எதையோ நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருக்கிறாள்.

கீழே தமிழில் இப்படி எழுதியிருந்தது: ‘1979. இச்சந்தில் இருந்த கிடங்கில் அரிசி மூட்டைகள் சரிந்து இறந்த சுமைதூக்கி முனுசாமியின் விதவை, கணவரின் சாமான்களை வாங்கிக்கொள்ளக் காத்து நிற்கிறார்.’

“அண்ணே, மெதுவா லா. பிரஷர் ஏறிடப் போவுது.”

சொன்னது மீனாட்சியம்மா. பலகைக்கு எதிரே கச்சாங் பூத்தே வண்டி போட்டிருக்கிறவர். வறுத்த கடலை, பட்டாணி, முறுக்கு எல்லாம் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து வைத்து, கேட்கிறவர்களுக்குக் காகிதக் கூம்பில் போட்டுத் தருவார். அறுபத்தாறு வயது இருக்கும். வாய் திறந்து பேசுவதே அபூர்வம்.

“நீயே சொல்லும்மா! இது என் ரீத்தா. எழுபத்தொம்பதுல எங்க கல்யாணம். கோயில்ல பூசை முடிஞ்சு வர்றப்ப காடி இதே முனையில நின்னுபோச்சு. டிரைவர் பானட்டைத் தூக்கிட்டு அரை மணி நேரம் நோண்டுனான். ரீத்தா எறங்கி, வெயிலுக்கு இந்தத் தூணோரமாத்தான் நின்னா. எவனோ போட்டோ புடிச்சிருக்கான். புடிச்சவன் புடிச்சான், விதவைன்னா எழுதுவான்?”

“வெள்ளைப் பொடவையா இருக்கே அண்ணே.”

“எங்க பொண்ணுங்க கல்யாணத்துக்கு வெள்ளைதாம்மா கட்டுவாங்க. கிறிஸ்துவங்க. தலையில வேற வெள்ளை வலை போடுவாங்க. கையில இருக்கே, அது பூச்செண்டு.”

மீனாட்சியம்மா கழுத்தை நீட்டிப் படத்தைப் பார்த்தார்.

“பூவாண்ணே அது?”

“அரை மணி நேரம் வெயில்ல நின்னா பூ வாடாதா?”

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவரால் விட முடியவில்லை. ரீத்தா இறந்து எட்டு மாதம் ஆகிறது. கிறிஸ்மஸுக்குப் பத்து நாள் இருக்கும்போது போனவள். ஜெலுத்தோங் வீட்டில் வெள்ளம் புகுந்த வருடம் கல்யாண ஆல்பம் சேற்றில் ஊறி, படங்களெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிவிட்டன. அப்போது ரீத்தா சிரித்தாள். “நான்தான் நேர்ல இருக்கேனே, படம் எதுக்கு?” என்றாள். இப்போது அவளும் இல்லை, படமும் இல்லை. கண்ணை மூடினால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த முகம்தான் வருகிறது, கல்யாணப் பெண்ணின் முகம் வர மாட்டேன் என்கிறது. அப்படி இருக்கும்போதுதான் போன வாரம் மருந்து வாங்க வந்தவர் இந்தப் பலகையைப் பார்த்தார்.

“அவ கல்யாணக் கோலத்துல இருக்கற படம் உலகத்துலயே இது ஒண்ணுதாம்மா. அதுக்குக் கீழ விதவைன்னு எழுதி வச்சிருக்கானுங்க. விட்டுட்டுப் போனது அவ. தனியா நிக்கிறது நான். அதையாவது ஒழுங்கா எழுத வேணாமா?”

மீனாட்சியம்மா ஒரு கூம்பில் கடலையைப் போட்டு நீட்டினார்.

பலகையின் அடியில் ஒரு போன் நம்பர் இருந்தது. பெர்னார்ட் அங்கேயே நின்று அடித்தார். எடுத்தது சங்கத்தில் வேலை செய்யும் பிரமிளா. இருபத்தேழு வயது. குரலில் அவ்வளவு உற்சாகம்.

“சொல்லுங்க அங்கிள், எந்தப் பலகை?”

“கிடங்குச் சந்து. படத்துல நிக்கிற பொண்ணு விதவைன்னு எழுதியிருக்கீங்க. தப்பு.”

“நீங்க அவங்களுக்கு என்ன வேணும் அங்கிள்?”

“புருஷன்!”

அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு மெல்ல, “நீங்க... உயிரோட இருக்கீங்களா அங்கிள்?”

“என்ன கேள்வி இது? உயிரோட இல்லாமலா எட்டு மணி ஃபேரியில வந்தேன்? நல்லாத்தான் இருக்கேன். முதல்ல அந்த விதவைங்கற வார்த்தையை எடு!”

கோபத்தில் போனை வைத்தார். பெயரைச் சொல்லவில்லை என்பது ஃபேரி பாதிக் கடல் தாண்டும்போதுதான் நினைவுக்கு வந்தது. பெயரில் என்ன இருக்கிறது, வார்த்தையை எடுத்தால் சரி என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மகள் நட்டாலி கடலுக்கு அந்தக் கரையில், பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ரீத்தா போனதிலிருந்து அவர் அவள் வீட்டில்தான்.

“எதுக்குப்பா தினம் தீவுக்குப் போறீங்க?”

“மருந்து வாங்க.”

“ஏழு நாளா மருந்தா வாங்குனீங்க?”

“கடையில கூட்டம்” என்றார் பெர்னார்ட். அவர் தினமும் போய்ப் பலகைக்கு முன்னால் நின்று, “குட்மார்னிங் ரீத்தா” என்று சொல்லிவிட்டு வருவதை மகளிடம் சொல்ல வெட்கம். சொன்னால் அவள் டாக்டரிடம் கூட்டிப் போய்விடுவாள்.

நாலாம் நாள் ‘விதவை’ போயிருந்தது. சொன்னபடி செய்துவிட்டாளே என்று சந்தோஷமாகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அந்த வார்த்தை இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது.

“அண்ணே, என்னமோ புதுசா ஒட்டிட்டுப் போனாங்க. எழுத்து பொடியா இருக்கு, எனக்குத் தெரியல. படிங்களேன்” என்றார் மீனாட்சியம்மா.

பெர்னார்ட் படித்தார். “‘திருத்தம்: முனுசாமி அந்த விபத்தில் இறக்கவில்லை. அவர் உயிருடன் நலமாக இருப்பதாக இப்போது தெரியவந்துள்ளது.’ அட கடவுளே!”

மீனாட்சியம்மா கையிலிருந்த கரண்டி புட்டிக்குள் விழுந்தது.

“முனுசாமி உயிரோட இருக்காருன்னா போட்டிருக்கு?”

“ஆமாம்மா! கொடுமையைப் பாரு!”

“எங்க இருக்காருன்னு போட்டிருக்கா அண்ணே?”

“அதெல்லாம் போடல. எங்கயும் இல்ல அவன். நான்தான் போன்ல பேரைச் சொல்லாம விட்டுட்டேன், அந்தப் பொண்ணு என்னையே முனுசாமின்னு நெனச்சிருச்சு.” அவருக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. “யாரும்மா இந்த முனுசாமி? என் பொண்டாட்டி பக்கத்துல வந்து பேர் எழுதிக்க அவனுக்கு என்ன ரைட்டு இருக்கு? செத்தவன் செத்த எடத்துல கெடக்காம!”

“திட்டாதீங்கண்ணே” என்றார் மீனாட்சியம்மா. “பாவம், மூட்டை தூக்குன மனுசன். உங்களை என்ன பண்ணாரு?”

“உனக்கு இரக்கம் ஜாஸ்திம்மா” என்றார் பெர்னார்ட். அன்றைக்கு மீனாட்சியம்மா பதினொரு மணிக்கே வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

பெர்னார்ட் நேரே சங்கத்து ஆபிஸுக்குப் போனார். பிரமிளா வாசலுக்கே ஓடி வந்தாள். கண்கலங்கி நின்றாள்.

“முனுசாமி அங்கிள்! உக்காருங்க அங்கிள். குடிக்க தே தாரேக் கொண்டு வரச் சொல்லவா? குடும்பத்துல யாராவது கிடைப்பாங்களான்னு நாங்க எவ்வளவு தேடுனோம் தெரியுமா? பேப்பர்ல போட்டோம், கோயில்ல சொன்னோம், யாருமே வரல. நீங்களே வந்துட்டீங்க!”

பெர்னார்ட் தன் ஐசி அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். பிரமிளா படித்தாள். முகம் வாடிப்போனது.

“பெர்னார்டா? அப்ப முனுசாமி?”

“அவன் மூஞ்சியைக்கூட நான் பார்த்ததில்ல.”

“ஆனா அங்கிள், படத்துக்குப் பின்னாடி பென்சில்ல எழுதியிருக்கே. ‘முனுசாமி விதவை, கிடங்கு’ன்னு. போட்டோ புடிச்சவரோட பெட்டியில கிடைச்சது. அதுவுமில்லாம வெள்ளைப் புடவை, தலையில முக்காடு...”

“நீ எந்தக் கோயிலுக்கும்மா போவே?”

“மாரியம்மன் கோயில், அங்கிள்.”

“அதான். உங்க வீட்ல வெள்ளைன்னா ஒண்ணு, எங்க வீட்ல வெள்ளைன்னா வேற ஒண்ணு. அந்தப் பென்சில் பிடிச்சவனும் உன் கோயிலுக்குப் போறவனாத்தான் இருப்பான். வெள்ளையைப் பார்த்தான், விதவைன்னு முடிவு பண்ணிட்டான்.”

பிரமிளா படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினாள். “கையில துணி மூட்டை மாதிரி இருக்கு அங்கிள்.”

“பூச்செண்டு.”

“ஒரு துண்டைச் சுருட்டி...”

“பூச்செண்டும்மா! வாடுனது!”

நல்ல பெண் பிரமிளா. பெரியவர் மனதை நோகடிக்கவும் மனம் வரவில்லை, பென்சில் எழுத்தைப் பொய் என்று சொல்லவும் மனம் வரவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு வழியைக் கண்டுபிடித்தாள். அந்த வழிதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

அடுத்த வாரம் பலகையில் புதிய மஞ்சள் தாள். ‘திருத்தம்: படத்தில் நிற்பவர் முனுசாமியின் மனைவி ரீத்தா. கணவர் இறந்த பின் இவர் பெர்னார்ட் என்பவரை மணந்து இன்புற்று வாழ்ந்தார்.’

பெர்னார்ட் அதைப் பார்ப்பதற்குள் ஊரே பார்த்துவிட்டது. சங்கத்தின் பேஸ்புக்கில் ‘துயரத்தை வென்ற காதல்’ என்று தலைப்புப் போட்டு ஏற்றியிருந்தார்கள். நானூறு பேர் இதயம் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் பேட்ரிக் அவர் தோளில் கை வைத்தார். கோயில் காரியமெல்லாம் பார்க்கிறவர், ஊர்க் காரியமும் சேர்த்துப் பார்க்கிறவர்.

“பெர்னார்ட், பெரிய மனசு உனக்கு. நாப்பத்தஞ்சு வருசமா ஒரு வார்த்தை வெளிய சொல்லலியே நீ.”

“என்னத்தைச் சொல்லல?”

“ரீத்தாவுக்கு ரெண்டாவது கல்யாணம்னு. அதுல என்ன தப்பு? நானா இருந்தா யோசிச்சிருப்பேன். நீ யோசிக்கல. பெரிய மனசு.”

வீட்டுக்கு வந்தால் நட்டாலி சோபாவில் உட்கார்ந்திருந்தாள். கையில் போன்.

“அப்பா, உண்மையைச் சொல்லுங்க. நான் யாரோட மக?”

“என்னடி கேள்வி இது?”

“ஷிப்ட்ல எல்லாரும் கேக்கறாங்கப்பா. ‘உங்க முதல் அப்பா பாவம்’னு ஒரு அக்கா அழுவுறாங்க. நான் என்ன சொல்றது?”

“நீ பொறந்தது எண்பத்து மூணுல! அவன் செத்தது எழுபத்தொம்பதுல!”

“அப்ப அவர் இருந்தாரா?”

விளக்கம் சொல்லச் சொல்லத்தான் முனுசாமிக்கு உயிர் வந்துகொண்டே இருக்கிறது என்பது பெர்னார்டுக்குப் புரிந்தது.

அதைவிடக் கொடுமை ஒன்று நடந்தது. மறுநாள் ஃபேரியில் வரும்போது அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் ரீத்தா தாசேக் கெலுகோர் எஸ்டேட்டில் சித்தப்பா வீட்டில் இரண்டு வருடம் இருந்தாள். அந்த இரண்டு வருடத்தைப் பற்றி அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அங்கிருந்து முனுசாமி என்று யாராவது... பலகைக்கு முன்னால் வந்து நின்று, “குட்மார்னிங்”கூடச் சொல்லாமல், “ரீத்தா, அப்படி எதுனாச்சும் இருந்துச்சா?” என்று கேட்டேவிட்டார்.

கேட்ட அடுத்த நிமிடம் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மூன்று வருடம் வயிற்று வலியோடு சமைத்துப் போட்டவள், அவருக்குத் தெரிந்தால் பயப்படுவார் என்று வலியைக்கூடச் சொல்லாதவள். அவளைப் போய்ச் சந்தேகப்படுவதா? தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். வெளிநாட்டுக்காரி ஒருத்தி அந்தக் காட்சியைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனாள்.

மீனாட்சியம்மா ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். தண்ணீர் கொடுத்தார்.

“அவளுக்கு ஒரு நல்லதும் செய்யலம்மா நான். வாழ்க்கை பூரா மத்தவங்க தப்பைத் திருத்துனேன். அவளுக்கு உடம்பு சரியில்லைங்கறதை மட்டும் பார்க்கல. இப்ப செத்த பெறகு அவ பேரையும் கெடுத்துட்டேன்.”

“கெடல அண்ணே. அழாதீங்க. சரி பண்ணிடலாம்.”

சரி பண்ண என்ன வேண்டும் என்று பிரமிளாவிடம் கேட்டதற்கு அவள் இரண்டு காகிதம் கேட்டாள். ஒன்று, கோயில் பதிவேட்டிலிருந்து கல்யாணச் சான்று. அது ஒரே நாளில் கிடைத்தது. ரீத்தா அதற்கு முன் மணமாகாதவள் என்று கோயில் சாமியாரே முத்திரை குத்திக் கொடுத்தார். இன்னொன்று, அந்தக் காலத்தில் அந்தச் சந்தில் இருந்த யாராவது, படத்தில் நிற்பவர் ரீத்தாதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம்.

பெர்னார்ட் முதலில் பக்கத்துக் காசு மாற்றும் கடைக்காரர் ஜபருல்லாவிடம் போனார்.

“அண்ணே, நான் பொறந்ததே எண்பத்தஞ்சு. இருந்தாலும் போட்டுத் தாரேன், உங்களுக்காக.”

“பொறக்காத சாட்சி எனக்கு வேணாம்பா.”

“அப்ப மீனாட்சி அக்காவைக் கேளுங்க. அவங்களும் இந்தச் சந்துக்கு இப்பத்தான் வந்தாங்க, பலகை வச்ச மாசந்தான். ஆனா அந்தக் காலத்து ஆளு, இந்தப் பக்கம் பழக்கம் இருக்கும்.”

பெர்னார்ட் கடிதத்தை மீனாட்சியம்மாவின் வண்டிமேல் வைத்தார். தட்டச்சுப் பிழை ஒன்றுகூட இல்லாமல் அவரே அடித்தது. கேட்கத்தான் கூச்சமாக இருந்தது.

“பொய் சொல்லச் சொல்லலம்மா. நீ அப்ப இந்தப் பக்கம் இருந்திருந்தா மட்டும் போடு.”

“இருந்தேன் அண்ணே.”

“நெசமாவா? சொல்லவே இல்லியே!”

“நீங்க கேக்கல.”

பெர்னார்டுக்கு அந்த இடத்திலேயே அவர் காலில் விழலாம் போல இருந்தது. உடனே பிரமிளாவைப் போனில் பிடித்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்.

“அம்மா, வணக்கம்” என்றாள் பிரமிளா. “படத்துல இருக்கற பொண்ணை நீங்க பார்த்திருக்கீங்களா?”

“பார்த்திருக்கேன்மா.”

“நல்லாத் தெரியுமா?”

“நல்லாத் தெரியும்.”

“அவங்க அப்ப கல்யாணப் பொண்ணுதானா? இதை மட்டும் யோசிச்சுச் சொல்லுங்கம்மா.”

மீனாட்சியம்மா யோசித்தார். ஒரு லாரி போகிற நேரம் வரைக்கும் யோசித்தார். “ஆமாம்மா. கல்யாணமாயி மூணு மாசந்தான்.”

“என்னம்மா மூணு மாசம்?” பெர்னார்ட் பதறிப்போனார். “அன்னைக்குக் காலையில கல்யாணம்! காடி நின்னுபோச்சுன்னு சொன்னேனே!”

“ஆமா ஆமா, அன்னைக்குத்தான்” என்றார் மீனாட்சியம்மா. “வயசாயிருச்சுல்ல, மறந்துபோவுது.”

பிரமிளா போனை வைத்ததும் மீனாட்சியம்மா பேனாவைக் கையில் எடுத்தார். எடுத்தவர் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

“இதுல கையெழுத்துப் போட்டா முனுசாமி பேரை எடுத்துருவாங்களா அண்ணே?”

“அடியோட எடுத்துருவாங்க. அவன் பேருக்கு வேற ஆதாரமே கெடையாதாம். இந்தப் படம் ஒண்ணுதானாம். படம் ரீத்தாவோடதுன்னு ஆயிருச்சுன்னா, அவன் இருந்தானா இல்லையாங்கறதே சந்தேகந்தான்னு அந்தப் பொண்ணு சொல்லுது.”

“ம்.”

“ஏம்மா, வேண்டாம்னா விட்டுடு. உன்னைத் தொந்தரவு பண்ண எனக்கு விருப்பமில்ல.”

“அதில்ல அண்ணே. உங்களுக்குப் பாக்குறதுக்கு வேற படமே இல்லைன்னீங்க.”

“இல்லம்மா.”

“அப்ப சரி” என்று கையெழுத்துப் போட்டார். பெர்னார்ட் கடிதத்தை மடிக்காமல் உறைக்குள் போட்டார்.

மூன்று வாரம் கழித்துப் புதிய பலகை வந்தது. மஞ்சள் தாள் இல்லை, திருத்தம் இல்லை. பளபளவென்று அதே படம், அதன் கீழே: ‘மணப்பெண் ரீத்தா, 1979. பினாங்குத் தமிழ்க் கத்தோலிக்கர்களின் திருமண ஊர்வலங்கள் ஒரு காலத்தில் இச்சந்தின் வழியே சிறப்பாகச் சென்றன.’

பெர்னார்ட் இரண்டாம் வரியைப் படித்துத் திகைத்துப்போனார். ஊர்வலமா? ஒரே ஒரு காடி, அதுவும் ஓடாமல் நின்ற காடி. பென்சில் எழுத்தைத் தூக்கிப் போட்ட பிறகு வரலாற்றுப் பலகையில் ஏதாவது வரலாறு இருக்க வேண்டுமே என்று பிரமிளா சேர்த்திருந்தாள். அவர் வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார். எழுபத்தொரு வயதில் முதல்முறையாக, தப்பாக எழுதிய ஒன்றைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தார்.

திறப்பு விழாவுக்குப் பதினைந்து பேர் வந்தார்கள். பேட்ரிக் செபம் சொன்னார். “நான் அப்பவே நம்பல” என்றும் சொன்னார். நட்டாலி லீவு போட்டு வந்து, படத்துக்கு முன்னால் நின்று, “அம்மா மூக்கு அப்படியே என் மூக்குப்பா” என்று அழுதாள். அவளுடைய மூக்கு அவருடைய மூக்கு என்று ஊரே சொல்லும். இருந்தாலும் அன்றைக்கு அது ரீத்தாவின் மூக்காகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். ரீத்தா செய்கிற மாதிரியே நட்டாலி ரவையில் சுஜி கேக் செய்து கொண்டுவந்திருந்தாள். ஜபருல்லா மூன்று துண்டு சாப்பிட்டார். பிரமிளா எல்லாரையும் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தாள். மீனாட்சியம்மாவையும் கூப்பிட்டாள்.

“நான் எதுக்கும்மா போட்டோவுல?” என்று அவர் வண்டியை விட்டு நகரவில்லை.

பதினொன்றரைக்கு எல்லாரும் கலைந்தார்கள். நட்டாலி காடி எடுக்கப் போனாள். பெர்னார்ட் கடைசித் துண்டு கேக்கைக் காகிதத் தட்டில் வைத்துக்கொண்டு வண்டியருகே ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். ஜெயித்தாகிவிட்டது. நாளை யாரோடு சண்டை போடுவது என்று தெரியவில்லை. இத்தனை நாளும் ரீத்தாவுக்காக அலைகிறோம் என்று ஒரு வேலை இருந்தது. இனி ஃபேரி ஏறி வந்து “குட்மார்னிங்” சொல்லிவிட்டுத் திரும்பிப் போக வேண்டியதுதான். அவள் வரப்போவதில்லை.

“சாப்பிடும்மா” என்று தட்டை நீட்டினார். “நீ இல்லைன்னா இது நடந்திருக்காது.”

மீனாட்சியம்மா ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டார். “நல்லாருக்கு அண்ணே. உங்க வீட்டம்மா கைப்பக்குவமா?”

“அவ கைப்பக்குவந்தான். இனிப்பு கொஞ்சம் தூக்கல்.” அவர் பலகையைப் பார்த்தபடி இருந்தார். “காலையில வர்றப்ப மனசுல ஒண்ணு உறுத்துச்சும்மா.”

“என்ன?”

“நான் அந்த ஆளை எவ்வளவு திட்டியிருப்பேன்! முனுசாமியை. ஒருவேளை அப்படி ஒருத்தர் நெசமாவே இந்தச் சந்துல மூட்டை தூக்கி, மூட்டைக்கு அடியிலயே செத்திருந்தா? பென்சில்ல எவனும் சும்மா எழுதுவானா? ஊர்லயே அவர் பேர் இருந்த எடம் இது ஒண்ணுதான். அதையும் நான் அழிச்சுட்டேன். அவருக்கும் ஒரு பொண்டாட்டி இருந்திருப்பா. அவ எங்கயாச்சும் உயிரோட இருந்து, இந்தப் பக்கம் வந்து பார்த்தான்னா என்மேல எவ்வளவு கோவப்படுவா?”

மீனாட்சியம்மா கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

“கோவமெல்லாம் இல்ல அண்ணே. அவரு பேருதான் போச்சு, படத்துல நான் அப்படியேதானே நிக்கிறேன்.”